மாமன் சீரில் வந்த வாட்ச்

போன வாரம் இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று கேட்ட வாசகர்களுக்கு... உடம்புக்கு ஒன்றுமில்லை. மாடியில் வைத்த கத்தரிச்செடியைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிகூட ஓடவில்லை, தங்கச்சி செல்வியின் போன்.

"அக்கா, கார்த்திகா சித்தன்னவாசல்ல நிக்கிறாளாம். ரொம்ப நேரமா அங்கிட்டேதான் நிக்கிறாளாம். தம்பி சொல்றான்."

தம்பி எங்கேயிருந்து சொல்கிறான் என்று நினைக்கிறீர்கள்? கத்தாரில் இருந்து!

செல்வி வாக்கப்பட்டது அன்னவாசல் பக்கம். நான் இருப்பது புதுக்கோட்டை டவுனில். அவள் மகள் கார்த்திகா பிளஸ் ஒன் படிக்கிறாள். சனிக்கிழமையானால் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, கணக்கு கிளாஸ் முடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்புவாள். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று அவள் அப்பா பிடித்தது உடும்புப்பிடி. செல்வியும் நானும் மாற்றி மாற்றிப் பேசி, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கிய அனுமதி அது. கணக்கு என்றால் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு உயிர்.

பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று கத்தாரில் இருக்கும் தம்பி முருகேசனுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் அந்த வாட்ச் செய்த வேலை.

அவள் பெரியவளாகி வெகுநாளாகியும் சடங்கைத் தள்ளிக்கொண்டே வந்தோம். தாய்மாமனுக்கு லீவு கிடைக்கவேண்டுமே! மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் சடங்கு ஏது? ஒருவழியாக ஆவணியில் வந்து சேர்ந்தான். மேளம், வேட்டு, வரிசையாகத் தாம்பாளங்கள். பட்டுப்புடவை, வளையல், பழம், பலகாரம்... நடுவில் ஒரு தட்டில், கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டிக்குள் இந்த வாட்ச். மாமனே மருமகள் கையில் கட்டிவிட்டான். வீடியோக்காரர் கழற்றி இன்னொரு தடவை கட்டச் சொல்லி எடுத்துக்கொண்டார். சபையில் எல்லோருக்கும் பெருமைதான். எனக்கும்தான்.

அவள் எங்கே போனாலும் மாமன் போனில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிவாள். வேறு என்னென்ன செய்யும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சீராக வந்த பொருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்க முடியுமா?

வண்டியை எடுத்துக்கொண்டு நான் செல்வி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கும் கார்த்திகா பஸ் இறங்கி வருவதற்கும் சரியாக இருந்தது. உயிரோடு, முழுசாக வந்துவிட்டாள். எனக்குப் போன மூச்சு வந்தது. ஆனால் வீட்டுக்குள் யார் முகத்திலும் அந்த நிம்மதி இல்லை.

டீப்பாயில் சொம்பில் சாய்த்து வைத்த போனில் முருகேசன் வீடியோவில் இருந்தான். அவன் சொன்னதன் சாரம் இது: புள்ளி நகரவே இல்லை. பதறிப்போய் ஆப்பில் ஒரு பட்டனை அமுக்கியிருக்கிறான். அதை அமுக்கினால் வாட்ச்சைச் சுற்றி யார் பேசினாலும் இவனுக்குக் கேட்குமாம். கட்டியிருப்பவளுக்குத் தெரியவே தெரியாதாம். இவனுக்குக் கேட்டது ஓர் ஆம்பளைக் குரல்.

அவ்வளவுதான். செல்வி வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. "அடுத்த வாரத்துலேர்ந்து கிளாசும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். அத்தோடு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கார்த்திகா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய்க் காதில் சொன்னாள். மாதக் கணக்கு கொஞ்சம் தப்பினால் எந்தப் பெண்ணுக்கும் எந்த பஸ்ஸிலும் நேரக்கூடியது. வழியில் சித்தன்னவாசலில் சிநேகிதி வீடு இருந்தது, இறங்கிவிட்டாள். ஆம்பளைக் குரல் அந்தச் சிநேகிதியின் அப்பாவுடையது. வந்த பிள்ளையை டீ குடிக்கச் சொல்லியிருக்கிறார், பாவம். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். இவ்வளவு எழுதலாமா என்பதையும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவளிடம் தனியாகப் போன் கிடையாது. வாட்ச்சில் பேசலாம்... ஆனால் அதில் இருப்பது இரண்டே நம்பர். மாமா, அப்பா. முருகேசன் ஏற்றிய நம்பர்கள். அம்மா நம்பரைச் சேர்க்க அவளுக்கு அதிகாரம் இல்லை. மாமன் போனிலிருந்துதான் சேர்க்க முடியும். கையில் கட்டியிருப்பவள் இவள், யாரிடம் பேசலாம் என்று முடிவு செய்வது இன்னொருவர்!

வெளியே வந்து, காரணம் எனக்குத் தெரியும், தப்பு ஒன்றும் இல்லை, நான் பொறுப்பு என்றேன். அவள் என் முந்தானையைப் பிடித்திருந்த பிடியில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. செல்வி வீட்டுக்காரர் கேட்டார், ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் சொல்வதற்கு என்ன கேடு என்று. கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது, இல்லையா?

முதலில் இந்தச் சனியனை அணைக்கலாம் என்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். அணைக்கிற பட்டனே இல்லை. அதுவும் மாமன் போனில்தான். கழற்றினால் அவன் போனில் மணி அடிக்குமாம். அவன் கேட்கிறதை எல்லாம் வாட்ச் கம்பெனிக்காரனும் எங்கேயோ உட்கார்ந்து கேட்கமாட்டான் என்று என்னடா நிச்சயம் என்றேன். முருகேசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் நம் பிள்ளை நல்லதுக்குத்தானே அக்கா என்றான்.

அப்போதுதான் கார்த்திகா பேசினாள். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"மாமா, ஒங்க போன்லயும் அத மாதிரி ஒண்ணு போடுங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு நானும் பாக்குறேன்."

சிரித்தான். "எனக்கு என்னத்துக்கு ஆத்தா?"

"நல்லதுக்குத்தான் மாமா."

செல்வி வீட்டுக்காரர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "போட்டுக்கயேன் மாப்ள. ஒளிக்க என்ன இருக்கு?"

முருகேசன் சிரிப்பு நின்றுபோனது. நெட் கட்டாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். இல்லை, கண் இமைத்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் எப்போதும் தெரிகிற அதே வெள்ளைச் சுவர். அதைத் தவிர வேறு எதையும் அவன் எங்களுக்குக் காட்டியதே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

"வேணாம் மச்சான்" என்றான். "நான் வேல பாத்த கம்பெனிய மூடிட்டாங்க. லீவுக்கு வரையிலயே வேலை இல்ல. இப்ப வண்டி கழுவுற எடத்துல நிக்கிறேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா அக்காவும் சின்னக்காவும் திரும்பி வந்துருன்னு அழுவாங்க."

சூப்பர்வைசர் என்று சபையில் மைக்கில் அறிவித்துச் சீர் இறக்கியவன். செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். என் தம்பி என்ன திருடினானா? கொலை செய்தானா? நியாயமாக உழைக்கிற உழைப்பைத்தான் ஒளித்து வைத்திருந்தான். ஒளிப்பதற்கும் தப்புக்கும் சம்பந்தமே இல்லாத இடங்கள் மனுஷனுக்கு எத்தனை இருக்கின்றன!

கடைசியில் செல்வி வீட்டுக்காரர்தான் போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அந்த ஆப்ப எடுத்துரு. அவ கிளாசுக்குப் போகட்டும்."

எடுத்துவிட்டான். இப்போது அந்த வாட்ச் மணிகூடக் காட்டுவதில்லை. யாராவது ஒருவர் போனோடு சேர்த்துக் கட்டினால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கிறது. கீழ ராஜ வீதியில் எனக்குப் பழக்கமான செல்போன் கடைக்காரர், இதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதம்மா, அப்படித்தான் செய்தே விற்கிறார்கள் என்று கையை விரித்துவிட்டார். சீரில் வந்த புடவையை நாளைக்கே தாவணியாக வெட்டிக்கொள்ளலாம். எங்கே கட்டிக்கொண்டு போனாள் என்று புடவை யாருக்கும் தந்தி அடிக்காது. காசு கொடுத்து வாங்கிய வாட்ச்சுக்கு மட்டும் இன்னொருத்தன் எஜமான்.

விடுவானா முருகேசன்? வேறு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்றான். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: எதை வாங்கினாலும் பெட்டியை அவளே பிரிக்கட்டும், பாஸ்வேர்டை அவளே போடட்டும், அது உனக்கும் எனக்கும் தெரியவேண்டாம். இப்போதைக்கு என் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருள் போட்டது. உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் திறந்து பார்க்கலாம், பிடிக்காததை எடுத்து எறியலாம், யார் அனுமதியும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்காது. தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு தூக்கிவர முடியாது. நான் எழுதியதெல்லாம் இத்தனை வருஷம் அதில்தான். கார்த்திகா முதல் வேலையாக அதன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினாள், கெட்டிக்காரி.

இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று தம்பியிடமும் கேட்டேன். எழுதுக்கா, இனிமே என்ன என்றான்.

நேற்றுச் சனிக்கிழமை. கார்த்திகா கிளாசுக்கு வந்தாள். திரும்பும் நேரத்துக்கு நான் செல்வி வீட்டில்தான் இருந்தேன். பஸ் வரவில்லை. செல்வி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். அவள் வீட்டுக்காரர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பார்ப்பதற்கு அதில் புள்ளி ஏதும் இல்லை. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இருட்டுகிற நேரத்துக்குப் பஸ் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஏன் லேட் என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டைப் போட்டு உட்கார்ந்தவள் அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள் — அவள் தோளில் சாய்ந்து தூங்கிய பாட்டியம்மாள் விட்ட குறட்டை வரைக்கும்.