எண்பத்து நாலாம் நம்பர் கம்பி

புதுப் புடவையின் கஞ்சி வாசனை...

தி.நகரில் முத்துராஜ் வீட்டுத் துணிக்கடைக்குப் பின்னால் ஒரு குடோன். கதவைத் திறந்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறும். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் வெளியே கேட்காது. எங்கள் பேண்டுக்கு அதைவிட நல்ல இடம் சென்னையில் கிடைத்திருக்காது.

முத்துராஜ் டிரம்ஸ். அருள் பேஸ் கிட்டார். நான் கிட்டாரும் பாட்டும்.

சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசித்துப் பழகிய கை என்னுடையது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த புதிதில், ஆசைப்பட்டு ஒரு எட்டுக் கம்பி கிட்டார் வாங்கினேன். வழக்கமான ஆறு கம்பிக்கு மேலே, தடித்த கம்பி இரண்டு கூடுதலாக இருக்கும். "இத வெச்சு என்னடி பண்ணப்போற?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கே தெரியாது.

அந்த வருஷம் அடையாறில் நடந்த பேண்ட் போட்டிக்கு முதல் தடவையாக எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அருளுக்குப் புனேவில் வேலை கிடைத்துவிட்டது.

"சாரி மச்சி... ஜாயினிங் டேட்ட தள்ளிப் போட மாட்டேங்கிறாங்க."

சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். மறுநாளே விஷயம் தெரிந்து போட்டி நடத்துபவரிடமிருந்து போன்.

"பேஸ் இல்லாம ரெண்டு பேரா? சரிப்படாதுமா. வெயிட்டிங்ல வேற பேண்ட் இருக்காங்க."

"பேஸ் இருக்கு சார்," என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

முத்துராஜ் என்னையே பார்த்தான். "எங்க இருக்கு?"

நான் என் கிட்டாரின் எட்டாவது கம்பியை, இருப்பதிலேயே தடித்ததை, தொட்டுக் காட்டினேன்.

சொன்னது சுலபம். அந்தக் கம்பியின் கேஜ், அதாவது தடிமன், எழுபத்து நாலு. அருளின் பேஸ் கிட்டார் இறங்குகிற அளவுக்கு அதைக் கீழே இறக்கி ட்யூன் செய்தால் தொளதொளவென்று ஆகிவிட்டது. அடித்தால் சுருதியே இல்லை. தொப்... தொப்... என்று ஒரு சத்தம்.

"வாசிக்கிறியா, துணி தொவைக்கிறியா?" என்றான் முத்துராஜ்.

இன்னும் தடித்த கம்பி வேண்டும். கடையில் கேட்டால், "செட்டாத்தாம்மா வரும். இவ்ளோ குண்டா தனிக் கம்பி யாரும் கேட்டதே இல்ல" என்றார்கள். ஆன்லைனில் தேடிப் பிடித்து எண்பது, எண்பத்து நாலு, தொண்ணூறு என்று மூன்று கம்பி வரவழைத்தேன். எது சரி என்று கேட்க எனக்குத் தெரிந்து ஆள் யாரும் இல்லை.

எண்பது பரவாயில்லை. ஆனால் கொஞ்சம் அழுத்தி அடித்தால் சுருதி மேலே எகிறிவிட்டு அப்புறம்தான் இறங்கியது.

சரி, தடிமன்தானே பலம் என்று நேராகத் தொண்ணூறுக்குத் தாவினேன். முறுக்காணியின் ஓட்டைக்குள் அது நுழையவே இல்லை. நுனியில் சுற்றியிருந்த மேல்கம்பியைப் பிரித்து, உள்கம்பியை மட்டும் விட்டு முறுக்கினேன். கிட்டார் கழுத்தில் கம்பி உட்கார்கிற பள்ளமும் போதவில்லை. பழைய கம்பி ஒன்றில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்து அகலமாக்கினேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

கடைசியில் அடித்தால்... டொக். மேஜையைத் தட்டினது மாதிரி. விறைப்பு இருக்கிறது, உயிர் இல்லை.

புடவைப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். போட்டி அடுத்த வாரம். "போன் பண்ணி வரலன்னு சொல்லிடலாமா?" என்றேன்.

"இன்னும் ஒண்ணு மிச்சம் கீதுல்ல? அதையும் மாட்டிப் பாத்துட்டு அப்புறம் அழு."

எண்பத்து நாலை மாட்டினேன். ட்யூன் செய்யும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. அடித்தேன்.

அந்த ஸ்வரம் தரை வழியாகப் போனது. ஷட்டர் அதிர்ந்தது. முத்துராஜ் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"மச்சி... திரும்ப அடி."

அடித்தேன். அவன் போய் டிரம்ஸில் உட்கார்ந்துகொண்டான்.

போட்டி அன்று சவுண்ட்காரர் மேடையைச் சுற்றிப் பார்த்தார்.

"பேஸ் யாரும்மா?"

"நான்தாண்ணா."

"கித்தாரும் நீதான்னு சொன்ன?"

"ரெண்டும் நான்தாண்ணா. கட்டைவிரல்ல பேஸ், மத்த விரல்ல கிட்டார்."

"இன்னாமா, வெளாட்றியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒயரை மாட்டினார்.

முதல் அடியிலேயே மிக்ஸரிலிருந்து அவர் தலை நிமிர்ந்தது. அப்புறம் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு எதையோ ஏற்றினார். முன்வரிசை நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டே பேர் நிற்கிற மேடை அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் பரிசு எங்களுக்கு.

வீடியோ பார்த்துவிட்டு புனேவிலிருந்து அருள் கூப்பிட்டான். குரலே சரியில்லை. "பேஸ் யாரு மச்சி? வீடியோல ஆளையே காணோம். அதுக்குள்ள வேற ஒருத்தன சேத்துட்டீங்களா?"

நானும் முத்துராஜும் போனை நடுவில் வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது எல்லாம் சுலபம். கிட்டாரின் நீளத்தையும் சுருதியையும் போட்டால் எந்த கேஜ் வேண்டும் என்று போனே சொல்கிறது. கம்பி மறுநாள் வாசலுக்கு வந்துவிடுகிறது. தேய்த்துக் கை காய்த்துப்போக வேண்டியதில்லை. அந்த குடோனை இடித்துக் கடையைப் பெரிதாக்கிவிட்டார்கள். போகிற வழியில் பார்த்தால் மனசு கொஞ்சம் என்னவோ செய்யும்...

இந்த வருஷம் அருள் மாற்றலாகிச் சென்னைக்கே வந்துவிட்டான். ஈக்காட்டுத்தாங்கலில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுகிற ஏசி ரூமில் மறுபடி மூன்று பேரும் சேர்ந்தோம். அருள் பேஸை மாட்டிக்கொண்டு, என் கிட்டாரை ஒரு பார்வை பார்த்தான்.

"மச்சி, அடுத்த வாட்டி ஆறு கம்பி கிட்டார் எடுத்துட்டு வாயேன். எனக்கும் கொஞ்சம் வேலை வையி."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.