திருகினால் கேட்கும் ஒலி

ரோசா 1978ஆம் ஆண்டு புதுச்சேரி சாரத்தில் பிறந்தார். ஞானஸ்நானம், பள்ளி, திருமணம் எல்லாம் அங்கேயேதான். தொழில் தையல். 2016இல் அவரும் கணவர் அருள்பிரகாஷும் கோட்டக்குப்பத்தில் வீடு கட்டிக் குடியேறினர். ஸ்கூட்டரில் கால் மணி நேரத் தொலைவு. ஆனால் அது தமிழ்நாடு.

ரோசாவுக்கு அப்போதே சர்க்கரை நோய் இருந்தது. ஏழைகளுக்குப் புதுச்சேரி தரும் சிவப்பு ரேஷன் அட்டையை மாற்றாமல், அதைக் காட்டி அங்கேயே இலவச மாத்திரை வாங்கிவந்தார். 2021இல் தமிழ்நாட்டுச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீடு தேடி வந்து மாத்திரை தரத் தொடங்கியதும், வரிசையில் நிற்கும் சள்ளை விட்டதென்று புதுச்சேரியில் பெயரை நீக்கிவிட்டுத் தமிழ்நாட்டில் புது அட்டை எடுத்தார். அண்ணன் அமலநாதனுக்கும் அதே நோய்தான். அவரிடம் பெருமையும் அடித்துக்கொண்டார்: "எனக்கு வாசல்ல வந்து குடுக்கறாங்கண்ணா. நீ போய் டோக்கன் போட்டு உக்காரு."

மூன்றே ஆண்டுகளில் மாத்திரை போதாமல் இன்சுலின் வந்தது. கண்ணும் மங்கியது. தமிழ்நாட்டில் இன்சுலின் புட்டியும் ஊசியும் இலவசமாகவே கிடைத்தன. ஊசிக்குழலின் மேலுள்ள மெல்லிய கோடுகள்தான் ரோசாவுக்குத் தெரியவில்லை. தினமும் கணவர் அளந்து கொடுப்பார். அவர் வெளியூர் போயிருந்த ஒரு காலையில் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, தையல் எந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். அளவு இரட்டிப்பு. பக்கத்து வீட்டுக் கார்குழலி பார்த்ததால் பிழைத்தார்.

பேனா இன்சுலினுக்குக் கண் வேண்டாம். திருகத் திருக ‘டிக்’ என்று ஒலி வரும். காதால் எண்ணிப் போட்டுக்கொள்ளலாம். கண் நன்றாகத் தெரிகிற அமலநாதனுக்கு அது புதுச்சேரியில் இலவசமாகக் கிடைத்தது. வெளியில் வாங்க ரோசாவின் தையல் கூலி காணாது.

தான் பேனா வாங்கும் புதுச்சேரி அரசு மருத்துவமனைக்கு அண்ணனே அழைத்துப் போனார். மருந்து கொடுக்கும் செந்தமிழ்ச்செல்வி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க அந்தப் பக்கம்க்கா. இது இங்கத்த கார்டுக்கு மட்டுந்தான்."

"நான் இங்கியே பொறந்தவம்மா."

"பொறந்தத யாருக்கா கேட்டா? இப்ப எங்க இருக்கீங்கன்னுதான் கேக்கறாங்க."

"வூடுதாம்மா அந்தப் பக்கம். வியாதி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான?"

செந்தமிழ்ச்செல்வி கோபிக்கவில்லை. தன் கையில் ஒன்றுமில்லை என்றும், இங்கே மறுபடி அட்டை எடுத்தால் தருவதாகவும் சொன்னார். அட்டை வேண்டுமென்றால், இடைவிடாமல் இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். முன்பு இங்கே வாழ்ந்த ஆண்டுகள் கணக்கில் சேராது.

"வாசல்ல வந்து குடுக்கறாங்கன்னியே," என்றார் அமலநாதன், படியிறங்கும்போது. பிறகு குரல் தணிந்து, "எம் பேனாவ எடுத்துக்க," என்றார்.

"அப்பறம் நீ எதப் போடுவ?"



மறுமாதம், ஆசையாகக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டுச் சாரத்தில், அண்ணன் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒற்றை அறையில் குடியேறினர். புட்டி பழையபடி அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. கணவர் இல்லாத நாளில் அண்ணன் வந்து அளந்து கொடுக்கிறார்.

ரோசா சாரத்தில் வாழ்ந்தது முப்பத்தெட்டு ஆண்டுகள். அந்தப் பக்கம் ஒன்பது. அட்டைக்கு இனிக் காட்ட வேண்டியது ஐந்து.