மஞ்சள் தெரியக் கூடாது

வல்லம் வடகாலில் பிரேக் தயாரிக்கும் எங்கள் கம்பெனியில் கலைமதிக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் 'ஏதோ கம்ப்யூட்டர்' என்பார்கள். மீதிப் பேர் 'ஏசியில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்க்கிற வேலை' என்பார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவள் பார்ப்பது இரண்டு ஸ்டோரேஜ் பெட்டிகளை. லைனில் வரும் ஒவ்வொரு பிரேக்கும் சோதனையில் என்ன அளவு காட்டியது என்பது அவற்றில் பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் லைன் நகராது. ஒரு பெட்டி படுத்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். அதற்காக இரண்டும் கேபிள் வழியே ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். எந்தக் கேபிளை எந்த போர்ட்டில் சொருகுவது, அந்த போர்ட்டுக்கு என்ன செட்டிங் என்பதெல்லாம் கலைமதி உட்கார்ந்து வைத்தது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், டிபன் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் ஸ்கிரீனில் பெட்டிகளின் நிலவரத்தைத்தான் பார்ப்பாள். நன்றாக இருந்தால் பச்சை, கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு.

தலைவலி ஆரம்பித்தது வராந்தா டிவியில். வருகிற கஸ்டமர்கள் பார்த்து மெச்சட்டும் என்று எங்கள் மேனேஜர் ஜெகதீஷ் இந்த நிலவரத்தை அங்கே பெரிதாக ஓடவிட்டார். ஓடவிட்ட கொஞ்ச நாளில் ஒரு பெட்டியின் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, டிவி மஞ்சளைக் காட்டியது. கலைமதி புது ஃபேன் கேட்டாள். பர்ச்சேஸ்காரர்கள் கொட்டேஷன் கேட்டார்கள். ஜெகதீஷுக்கோ கஸ்டமர்கள் மஞ்சளைப் பார்த்துவிடுவார்களே என்ற கவலை. ஃபேன் வரும்வரை மஞ்சளையும் பச்சையாகக் காட்டுகிற மாதிரி செட்டிங்கை மாற்று என்றார். அது தப்பு சார் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். மனுஷன் விடவில்லை. காலையில் வணக்கத்தோடு மஞ்சள் பேச்சு, சாயங்காலம் பஸ் ஏறும்போதும் அதே பேச்சு. மஞ்சளுக்காக வரும் மெயில்களும் தொல்லையாம், அவற்றையும் நிறுத்து என்றார். கடைசியில் அவள் மாற்றிக் கொடுத்தாள். ஃபேன் வரவில்லை. டிவி மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

ஆயுத பூஜையை ஒட்டி அவள் லீவு போட்டிருந்தாள். அவளுடைய ஒரே தங்கை காவேரிக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத வீடு, எல்லாம் இவள்தான் முன்னால் நின்று செய்ய வேண்டும்.

இங்கே கம்பெனியில் பூஜைக்காக எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். மெயின்டனன்ஸ் எல்லப்பன் அந்த இரண்டு பெட்டிகள் இருக்கும் சர்வர் ரூமையும் விடவில்லை. வளைகாப்பு அன்று ஏசி மெக்கானிக் சர்வர் ரூமுக்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனதில் ஒரு கேபிள் இடிபட்டது. அவ்வளவுதான், இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு, எது தாங்க வேண்டும் என்று தெரியாமல் நின்றன. லைனும் நின்றது. ஜெகதீஷ் அவளுக்கு விடாமல் போன் போட்டார்.

பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள். தங்கைக்கு நலங்கு வைத்த சந்தனம் இன்னும் கையில் இருந்தது. பெட்டிகளை அடுக்கியிருக்கும் ரேக்கின் பின்கதவைத் திறந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கேபிள்கள் அத்தனை அழகாக இருந்தன. நீலமெல்லாம் ஒரு வரிசை, வெள்ளையெல்லாம் ஒரு வரிசை. எல்லப்பனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"சாமி கும்புடுற எடத்துல ஒயருலாம் அலங்கோலமா கெடந்துச்சு மேடம். அதான் ஒண்ணொண்ணா கழட்டித் தொடச்சு, கலர் கலரா பிரிச்சு அழகா சொருகி வெச்சேன்" என்றார்.

அவரை என்னவென்று திட்டுவது? பக்தியாகச் செய்த காரியம். இரண்டு பெட்டிகளையும் இணைப்பவை இரண்டே கேபிள்கள். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. அழகு பார்த்ததில் நீலம் வேறு போர்ட்டுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வெள்ளை ஒன்றை நம்பியே வண்டி ஓடியிருக்கிறது. ஏணி இடித்தது அந்த வெள்ளையை. 'ஒரு கேபிள் போச்சு, பார்' என்று பெட்டிகள் மஞ்சளில் கத்தியிருக்கின்றன. டிவி பச்சையாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

கேபிளைப் பழையபடி மாட்டி, செட்டிங்கைச் சரிபார்த்து, லைனை ஓடவைத்து அவள் நிமிர்ந்தபோது ஜெகதீஷ் கேட்டது ஒரே கேள்வி, இதெல்லாம் முன்னாலேயே தெரியவில்லையா என்று. எனக்கே அறையலாம் போல இருந்தது.

"தெரியக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள்.

அவர் காதிலேயே வாங்கவில்லை. கண்காணிப்பில் குறை என்று ரிப்போர்ட்டில் அவள் பெயரைத்தான் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். வளைகாப்பு அதற்குள் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். கலைமதி மஞ்சளை மஞ்சளாகவே காட்டும்படி செட்டிங்கைத் திருப்பி வைத்தாள். வராந்தா டிவியில் ஃபேனுடைய மஞ்சள் வந்தது. இனி இதை மாற்றச் சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஜெகதீஷுக்கு மெயில் அனுப்பினாள். பதில் வரவில்லை.

அடுத்த வாரம் கஸ்டமர் வந்தார்கள். ஜெகதீஷ் அதிபுத்திசாலி. அவர்கள் வருவதற்குள் டிவியை அணைத்துவிட்டார்.

கண்ணாடி வழியே அதைப் பார்த்த கலைமதி எழுந்து போனாள். வந்தவர்கள் முன்னாலேயே டிவியைப் போட்டாள். வந்தவர்களில் பெரியவர் மஞ்சளைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"ஒரு ஃபேன் மெதுவா சுத்துது சார். புதுசு கேட்டிருக்கோம்."

"எப்ப வரும்?"

"இன்னும் ஆர்டரே போடல சார்."

"சீக்கிரம் போடுங்க" என்றார் அவர். தலையாட்டிவிட்டு, சாப்பாடு எங்கே என்று விசாரித்துக்கொண்டே கேண்டீன் பக்கம் நடந்தார்.

கலைமதி நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

"இந்த ரெண்டு கேள்விக்குத்தான் பயந்தாராடி?" என்றாள்.