கன்னியப்பனின் ஏழு படிகள்

மணலை இரண்டு கைகளாலும் குவித்து உள்ளங்கையால் தட்டுகிறார் கன்னியப்பன். ஈரம் போதாவிட்டால் கடலுக்குப் போய்த் தண்ணீரை அள்ளிவந்து தெளிக்கிறார். ஏழு படிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். மாசி மகத்தன்று விடியும் நேரத்தில் அமீரகத்தின் உம்முல் குவைன் கடற்கரைக்குப் போனால் அவரை இப்படிப் பார்க்கலாம். ரோந்து வண்டி ஒன்று வந்து நிற்கும். இவ்வளவு பெரிய ஆள் மணல்வீடு கட்டுகிறானே என்று உள்ளே இருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன குலதெய்வம் கன்னியம்மா ஏறி வருவதற்குத்தான் அந்தப் படிகள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடிகள் மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய் அவளைத் திரும்ப அழைப்பார்கள். கன்னியப்பனுக்கு ஊருக்குப் போக லீவு கிடைப்பதில்லை. "கடல் ஒண்ணுதானே மேடம்? அங்க சூரியன் எதிர்ல வரும். இங்க நம்ம முதுகுக்குப் பின்னால வருது. அம்மா ஏறி வரச்சொல்ல மொகத்துல நல்லா வெளிச்சம் விழும்" என்கிறார் என்னிடம்.

ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. ஏணியில் ஏறியதும் யூனிட்டோடு பேச ஆரம்பித்துவிடுவார். "இன்னா நைனா, இப்பிடி மூச்சு வாங்குது?" கழற்றிய திருகுகளைத் தொப்பியில் போட்டு, தொப்பியைப் பல்லில் கடித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் டீ கொடுத்தால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

ஒருமுறை எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் பாம்பு வந்துவிட்டது. வாட்ச்மேன் செய்கு முகம்மது முதலில் கூப்பிட்டது கன்னியப்பனைத்தான். வந்தவர் பாம்பைப் பார்த்ததும் ஒரு காரின் மேல் ஏறிவிட்டார்.

"ஏப்பா, நீ இருளன்தானே? பாம்போட வளந்த ஆளு!"

"பாய், நான் ஏசியோட வளந்த ஆளு. முனிசிபாலிட்டிக்குப் போன் போடுங்க, யல்லா, சீக்கிரம்!"

அவர் ஏறியது என் கார். கூரையில் பள்ளம் இன்னும் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். கன்னியப்பன் அப்போது எங்கள் வீட்டு ஏணியில் நின்றிருந்தார். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சிரிக்காதீங்க ஐயா. இந்தப் பாம்பாலதான் என் படிப்பே போச்சு."

பத்தாவது முடித்துப் பழங்குடிச் சான்றிதழ் கேட்கப் போனபோது, "நீ இருளன்னா ஒரு பாம்பப் பிடிச்சுக் காட்டு" என்றாராம் அதிகாரி. கன்னியப்பன் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டார். இப்போது மகள் சுசீலா பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். சான்றிதழ் இருந்தால்தான் நர்சிங்கில் இடம். "அவளையும் அதையேதான் கேக்கறாங்க. அவ பல்லியப் பாத்தாலே ஊரக் கூட்டுவா ஐயா."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெள்ளைக்காரன் காட்டச் சுத்திக் கோடு போட்டு உங்க ஆளுங்கள வெளிய தள்ளிட்டான். அப்புறம், இருளன்னா பாம்பு பிடிக்கிறவன்னு புத்தகத்துல எழுதி வெச்சுட்டான். அதப் பாத்துதான் நாங்க கேப்போம்." ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நானும் கேட்டிருக்கேன்பா, பல பேர" என்றார்.

கன்னியப்பன் ஏணியிலிருந்து இறங்கி வந்து டீயைக் குடித்துவிட்டு டம்ளரோடு சமையலறைக்குப் போனார். அப்பா பின்னாலேயே போய், அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவினார்.

ஊர் திரும்பியதும் சுசீலாவைக் கூட்டிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார் அப்பா. அலுவலகம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது. இரண்டு படி ஏறுவார், உட்காருவார், எழுந்து மறுபடி ஏறுவார் என்று சுசீலா எங்களுக்குப் போனில் சொல்வாள். அங்கே தன் பெயரையும் பார்த்த பதவியையும் சொல்லி, "நான் கேட்டது தப்பு, நீங்களும் கேக்காதீங்க" என்றாராம். ஒருநாள் போதவில்லை. திரும்பத் திரும்பப் போனார்.

சான்றிதழ் கிடைத்த அன்று கன்னியப்பன் வேலை உடையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா பாம்பப் பிடிச்சுட்டாரு மேடம்!"

சுசீலா நர்சிங்கில் சேர்ந்தாள். தை மாதம் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. நான் விமானம் பிடித்து வீடு போய்ச் சேரும்வரை அவர் கால்மாட்டிலிருந்து சுசீலா எழுந்திருக்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஷார்ஜா வந்ததும் கன்னியப்பனிடம் நன்றி சொன்னேன். "கல்லாஸ் மேடம், விடுங்க. இதுல யாரு யாருக்குச் சொல்றது" என்றார். அன்று டீ குடித்தவர் டம்ளரை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இந்த மாசி மகத்துக்கு என்னையும் கூப்பிட்டார். போனேன். கடல் பக்கம் நிலா இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு படிகளும் தயார். மஞ்சளும் பூவும் வைக்கவேண்டியதுதான் பாக்கி. கன்னியப்பன் பூவைக் கையில் எடுத்தவர், வைக்காமல் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூவை என்னிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாக, உள்ளங்கையால் அமுக்கித் தாழ்த்த ஆரம்பித்தார்.

"ஐயாவுக்கு முட்டி வலியாச்சே மேடம்."

ஒரு சாண் இருந்த படிகள் நாலு விரல் உயரத்துக்கு வந்த பிறகுதான் பூவுக்குக் கை நீட்டினார்.