கையைத் தூக்காத ஒருத்தி

அம்மா மேட்டுப்பாளையத்தில் தகர மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அங்கே வேலைநிறுத்தம் வந்தது. கையை நசுக்கும் இயந்திரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொல்லிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கேட்டால் அப்பா, "ஆபீஸ்ல கொஞ்சம் பிரச்சினை" என்று தகரக் கொட்டகைக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அத்தை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். நானும் அடம்பிடித்து பஸ் ஏறினேன். மைக் செட், கோஷம் என்று மனதுக்குள் ஒரு திருவிழாவே கட்டியிருந்தேன்.

தெரு திரும்பியதும் சத்தமே இல்லை. பட்டப்பகல். மதில் நெடுகப் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு. தலையையும் முகத்தையும் கறுப்புத் துணி மூடியிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன. ஒருத்தியும் பேசவில்லை. கம்பெனியின் தகரக் கூரைமேல் காகம் நடப்பது கேட்டது.

அத்தை தூக்குவாளியைப் பந்தலில் கொடுக்கப் போன நேரத்தில் நான் வரிசைக்குள் நுழைந்தேன்.

"அம்மா."

எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. இன்னும் உள்ளே போய்க் கூப்பிட்டேன். அந்தக் கண்கள் எல்லாமே அம்மாவின் கண்கள் போலிருந்தன. எதுவும் அவளுடையதாக இல்லை.

கம்பெனிக் கதவைத் திறந்துகொண்டு சூப்பர்வைசர் ஒருவர் செல்போனில் படமெடுத்தபடி வந்தார்.

"பாப்பா, உங்கம்மா யாரு? காட்டு, நான் கூட்டிட்டுப் போறேன்."

அங்கே என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவரை எனக்குப் பிடித்துப்போனது. காட்டத் தெரியாமல் அழுதேன். அவர் நிமிர்ந்து, "யாரு கொழந்த இது? கையத் தூக்குங்க" என்றார்.

எல்லோரும் தூக்கினார்கள். பேரன் எடுத்தவர்களும், கல்யாணம் ஆகாத அக்காக்களும். சத்தமில்லாமல் அத்தனை கைகளும் எழுந்து என்னைச் சூழ்ந்து நின்றன. அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்களை அந்த இயந்திரம் எடுத்திருந்தது; அந்தக் கையைத் தேடினேன். எல்லாக் கைகளிலும் விரல்கள் முழுசாக இருந்தன. என் காலடியில் இருந்த ஒருத்தி மட்டும் இரு கைகளையும் மடிக்குள் புதைத்துத் தலைகுனிந்திருந்தாள். அவள் முகத்துணி நனைந்திருந்தது. முன்வரிசையில் இருவர் முட்டிபோட்டு எழுந்து அவளை மறைத்தார்கள்.

இவர்கள் அம்மாவை எங்கோ ஒளித்துவிட்டு, அவளுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அலறினேன். அத்தை ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அம்மா வந்தாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் நான் அருகில் போனேன்.

"நீ அங்க இல்லவே இல்ல" என்றேன்.

"ஆமா. இல்லதான்."

காயத்துக்காக விடுப்பில் இருந்தவள் போராட்டத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு படம் கிடைத்தால் போதும், அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடக் கம்பெனி காத்திருந்தது. அதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அத்தை சொன்னது. அந்தப் படம் கடைசிவரை கிடைக்கவில்லை. இயந்திரத்துக்குத் தடுப்பு வந்தது. அம்மாவும் வேலைக்குத் திரும்பினாள்.

எனக்கு மட்டும் கோபம் தீரவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருநாள், "எல்லாரும் கை தூக்கினாங்க, ஒருத்தி மட்டும் தூக்கலம்மா. அவளப் பாத்தா ஏன்னு கேக்கணும்" என்றேன்.

"கேளு" என்றாள் அம்மா, எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டே.