கோகிலவாணி தன் மேலேயே கொடுத்த புகார்

சைக்கிளை நாலடி தள்ளிப் போய் முன் பிரேக்கில் ஒரு பிடி, பின் பிரேக்கில் ஒரு பிடி. இரண்டு சக்கரமும் அசையாமல் நின்றால்தான் கோகிலவாணி சீட்டில் ஏறி உட்காருவார். பாப்பிரெட்டிப்பட்டியில் ஜாக்கெட் தைப்பவர். தைத்ததைச் சுற்று ஊர்களுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். சைக்கிள் கற்றுக்கொண்டதே முப்பத்தெட்டு வயதில்தான். அதனால் மற்றவர்கள் மறந்துபோன விதியெல்லாம் அவருக்கு இன்னும் புதுசு.

வலப்பக்கம் திரும்புவதென்றால் நூறடிக்கு முன்பே கையை விறைப்பாக நீட்டிவிடுவார். டீக்கடையில் இருப்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று பதிலுக்குக் கை ஆட்டுவார்கள். "சைக்கிளுக்கு எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டால், "நான் எங்க திரும்புவேன்னு லாரிக்காரன் சோசியமா பாப்பான்?" என்பார்.

போன ஆவணியில் முகூர்த்த வேலை நெருக்கியது. பத்து நாள் அந்த இரண்டு பிடியை விட்டுவிட்டார். பதினோராம் நாள் காலை, மழை நனைத்த இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்தியும் சைக்கிள் நிற்கவில்லை. இளநீர் விற்கும் இளைஞன் மாது காயோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். காய் ஒரு பக்கம் உருண்டது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். முழங்கை நன்றாகச் சிராய்த்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா, கெளம்புங்க. கல்யாண வூட்ல காத்திருப்பாங்க."

ஜாக்கெட் பையைத் தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் அனுப்பிவிட்டு, மாதுவைக் கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். கட்டுப் போட்டதும் வண்டி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் திரும்பியது. மாதுவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"நீ இல்ல தம்பி. நானு."

"யார் மேல புகார்?" என்றார் ஏட்டம்மா பானுமதி.

"என் மேலதானுங்க மேடம். பிரேக் பிடிக்காத வண்டிய ஓட்டி ஆள இடிச்சிட்டேன். எழுதுங்க."

பானுமதி பேனாவைக் கீழே வைத்தார். "இடிச்சவங்களே வந்து நிக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்." மாதுவைப் பார்த்தார். அவன், "எனக்குப் புகாரே இல்லீங்க. வூட்டுக்கு விட்டாப் போதும்" என்றான்.

வெளியே வந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார் பானுமதி. ரப்பர் தேய்ந்து கட்டையாகியிருந்தது. "மாத்திட்டு நாளைக்குக் கொண்டாந்து காட்டுங்க. அதுவரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க."

மூன்று மைல் தள்ளிக் கொடுக்கவேண்டிய துணிகளுக்கும் தள்ளிக்கொண்டே போய்வந்தார் கோகிலவாணி. ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் புது ரப்பரோடு போய் நின்றபோது, பானுமதி காக்கி உடுப்போடு சைக்கிளில் ஏறி ஸ்டேஷன் வளாகத்தைச் சுற்றினார். கேட் அருகே பிடித்த பிடியில் டயர் கிறீச்சிட்டு நின்றது. "நல்லா நிக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு, காரணமே இல்லாமல் இன்னொரு சுற்றும் போய்வந்தார். கோகிலவாணி சிரித்துவிட்டார். திரும்பும் வழியிலேயே நாலு இட்லி சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் இறக்கத்தில் அவர் தலை தெரிந்தால் மாது கத்தியை வைத்துவிட்டு ரோட்டோரம் வந்து போலீஸ்காரர்போல உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுகிறான். கோகிலவாணி இரண்டு பிரேக்கையும் பிடித்து நிற்கிறார். ஸ்டாண்டு போட்டு, கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை உருவிக் குனிந்து, டயருக்கும் அவன் கால் கட்டைவிரலுக்கும் நடுவே நீட்டிப் பிடித்து, எத்தனை இஞ்ச் தள்ளி நின்றது என்று அளக்கிறார்.