செல்வராணியின் கிளச் பெடலும் கொழுந்துத் தராசு ஸ்பிரிங்கும்

நான் அப்போதே சொன்னேன். கந்தப்பளையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செல்வராணி ஒருநாள் புது வேனில் வந்து இறங்குவாள் என்று, அவள் கிளச்சில் கால் வைத்த அன்றைக்கே சொன்னவன் நான்தான்.

நேற்று வந்து இறங்கினாள். வெள்ளை வேன், மாலை, சந்தனம், குங்குமம்…

அதைப் பார்த்ததும் என் மூக்குக்கு வந்தது அவளுடைய பழைய வேனின் வாசம். ஈரச் சாக்கு, டீசல், கிரீஸ், மூன்றும் கலந்த வாசம்.

செல்வராணி எங்கள் அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரி. தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மலையில் அவள் வேகத்துக்கு ஆளே கிடையாது. மற்றவர்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி முடிப்பதற்குள் அவள் கூடை நிறைந்துவிடும்!

அந்த வேலையை விட்டுவிட்டு, இருந்த நகையையும் வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் ஸ்கூலுக்கு ஏற்றி இறக்க ஒரு பழைய ஜப்பான் வேன் வாங்கினாள். லைசன்சும் எடுத்துவிட்டாள்.

ஆனால் அந்த கிளச்…

கிளச்சா அது? கருங்கல். நான் மிதித்தாலே மூச்சு வாங்கும். எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது, காலுக்கு ஒன்றும் தெரியாது. மேட்டில் நிறுத்தி எடுத்தால் அவள் இடது கால் வெடவெடவென்று நடுங்கும். வேன் பின்னுக்கு வரும்.

அதைப் பெரியசாமி அண்ணன் பார்த்துவிட்டார். ஸ்கூல் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கெல்லாம் அவர்தான் வாய்.

"இந்தா பாரு புள்ள, பொம்பள ஓட்டுறான்னு நாங்க ஒன்னும் சொல்லல. ஆனா கோயில் மேட்டுல வண்டி பின்னுக்கு வந்துச்சுன்னா கீழ பள்ளம். ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றோம். ஹேண்ட் பிரேக் போடாம நிப்பாட்டி எடுத்துக் காட்டு. பின் டயருக்குப் பின்னால எலுமிச்சம்பழம் வைப்பேன். பழம் நசுங்குச்சுன்னா நாங்க வேற வேன் பாத்துக்குறோம்."

வண்டிப் பூசையில் பழம் நசுங்கினால்தான் நல்லது. இங்கே நசுங்கினால் அவள் பிழைப்பு போச்சு.

நேரே என்னிடம் வந்தாள். "அண்ணே, நான் திரும்பக் கூடையத் தூக்க மாட்டேன். ஏதாவது செய்யுங்க."

நான் மெக்கானிக் படித்தவன் இல்லை. ஆனால் தேயிலை ஃபேக்டரி மெஷின் சத்தத்தை லயத்தில் படுத்துக்கொண்டே கேட்டு, எந்த நட்டு கழன்றது என்று சொல்கிறவன். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர்மாரே என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மல்லாந்து படுத்து பெடலுக்குக் கீழே தலையை விட்டேன். பெடல் ஆடுகிற பல் மாதிரி ஆடியது. உள்ளே இருந்த புஷ் வளையம் தேய்ந்து போயிருந்தது. பித்தளையில் புதிதாகக் கடைந்து போட்டேன். காய்ந்து கிடந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். அப்புறம்தான் என் மூளை… பெடலுக்கு ஒரு ஸ்பிரிங் மாட்டினேன். பாதி தூரம் கால் மிதித்தால் போதும், மீதியை ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும்.

"இது என்னாண்ணே?"

"கொழுந்து நிறுக்குற தராசோட ஸ்பிரிங் தங்கச்சி. ஒடைஞ்சதுன்னு ஃபேக்டரியில தூக்கிப் போட்டாங்க. இத்தன வருசமா ஒங்க கொழுந்தக் கொறைச்சுக் காட்டுனது இதுதான். இப்ப ஒன் கால் பாரத்தக் கொறைக்கட்டும்."

ஒரு கணம் பெடலையே பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு…

"அதுவா இது? அப்ப நல்லாவே மிதிக்கிறேண்ணே!"

மிதித்தாள். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, போனது திரும்பி வரமாட்டேங்குது!"

"பெரியசாமி அண்ணன் மாதிரி. உக்காந்தா லேசுல எந்திரிக்காது."

அதுவும் ஒரு டெஸ்ட்டுக்காக நான் வேண்டுமென்றே செய்ததுதான். கொக்கியைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினேன். பெடல் பூப்போல வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மெதுவாக விட்டுப் பார்த்தாள்.

"தெரியுதுண்ணே… புடிக்கிற எடம் தெரியுது. கொழுந்து ஒடியும்போது வெரலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி."

கேட்டீர்களா? எந்த டிரைவராவது கிளச்சை இப்படிச் சொல்லியிருக்கிறானா?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மேட்டில் ஒரே பனிமூட்டம். நுவரெலியா ஜனமே திரண்டிருந்தது. செல்வராணி நடு மேட்டில் நிறுத்தினாள். பெரியசாமி அண்ணன் குனிந்து பழத்தை டயரை ஒட்டி வைத்தார்.

நான் அவள் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஸ்பிரிங்கை மிதித்தாள் பாருங்கள்… பிறகு ஒரு நூல் அளவு காலை விட்டாள். இஞ்சின் சத்தம் தணிந்தது. வேன் அப்படியே நின்றது. இன்னொரு நூல்… மேலே ஏறிவிட்டது!

பழத்தின் மேல் விழுந்த பனித்துளிகூட கலையவில்லை.

பெரியசாமி அண்ணன் பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு எங்க பேத்திதான் மொத ஆளு. முன் சீட்டு குடுத்துரு புள்ள."

"முன் சீட்டு வேணும்னா நேரத்தோட வரச் சொல்லுங்கண்ணே. சிபாரிசு செல்லாது."

இப்போது அவள் எடுத்திருக்கும் புது வேன் ஆட்டோ கியர். கிளச்சே கிடையாது. மேட்டில் நிறுத்தினாலும் அதுவே பிடித்துக்கொள்கிறது. நல்ல வண்டிதான்… ஆனால் இடது கால் பாவம், சும்மா கிடக்கிறது. அந்தக் கால் ஒரு காலத்தில் என்ன வேலை பார்த்தது!

பழைய ஸ்பிரிங்கை அவள் விடவில்லை. கழற்றி, துடைத்து, புது வேனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். நேற்று ஏறிய பிள்ளைகளிடமும் சொன்னாள்: "இது நம்ம தோட்டத்துத் தராசோட ஸ்பிரிங். நான் மிதிச்சு மிதிச்சே வழிக்குக் கொண்டாந்தேன்." பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அவள் பேஸ்புக் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் சத்தியம். அந்த ஸ்பிரிங் மட்டும் தராசினுடையது இல்லை… எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவினுடையது.

அந்தக் கதவுக்கு இன்றைக்கும் கல்தான் முட்டுக் கொடுக்கிறோம். யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.